விழித்திரையில் கண்ட திட்டும் குடும்பத்தில் காணாத நோயும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: கண்ணாடியின் பவரை மாற்றுவதற்காகச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது, இன்னும் முப்பது வயதாகாத தம்பியின் இரு கண்களிலும் விழித்திரையின் ஓரப் பகுதியில் கறுப்புத் திட்டுகள் இருப்பதாகவும், அது பரம்பரைக் கண்நோயாக இருக்கலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக யாருக்கும் பார்வைக் குறை இல்லை. அப்படியிருக்க அது எப்படிப் பரம்பரை நோயாகும், மரபணுச் சோதனை அவசியமா, அவருக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவர் சொன்னதில் "இருக்கலாம்" என்ற சொல்லை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் தயங்கிச் சொன்ன சொல் அன்று அது. சரியாகச் சொன்ன சொல். உடலைக் கீறாமல் இரத்தக் குழாயையும் நரம்புத் திசுவையும் நேருக்கு நேர் பார்க்கக்கூடிய இடம் கண்ணின் உட்புறம் ஒன்றே. 1851இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண் அகநோக்கியை உருவாக்கும்வரை உயிருள்ள ஒருவரின் கண்மணி வெறும் கறுப்பு வட்டமாகவே இருந்தது. அதற்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கத் தொடங்கிய சில பத்தாண்டுகளுக்குள் இன்று நாம் அறிந்த பரம்பரை விழித்திரை நோய்களில் பல விவரிக்கப்பட்டுவிட்டன. ஆனால் அந்தக் கருவி காட்டுவது நோய் விட்டுச்சென்ற தடத்தை மட்டுமே. பல நோய்கள் ஒரே மாதிரித் தடத்தை விடுகின்றன. ஒரே நோய் ஒரே குடும்பத்தில் அண்ணனிடம் ஒரு தடத்தையும் தங்கையிடம் வேறொரு தடத்தையும் விடுவதும் உண்டு. ஆகவே தடத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டும் அவசரம் கூடாது. என் அனுபவத்தில், இந்த மாதிரிச் சிக்கலை அவிழ்ப்பது பெரும்பாலும் நோயாளியின் கண்ணைவிட அவருடன் துணைக்கு வந்து வெளியே அமர்ந்திருப்பவரின் கண்தான். ஏன் அப்படி என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் அந்தக் கறுப்புத் திட்டு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரு வகை. மங்கிய வெளிச்சத்திலும் ஓரப் பார்வையிலும் உழைப்பவை குச்சி செல்கள்; பகல் வெளிச்சத்தில் நிறத்தையும் நுண்ணிய விவரத்தையும் தருபவை கூம்பு செல்கள். கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம் என்றால் குச்சி செல்கள் ஏறத்தாழ அதைப்போல் 20 மடங்கு. இவை இரண்டுக்கும் பின்னால் நிறமி நிறைந்த ஒற்றை அடுக்குச் செல்கள் பாய் விரித்ததுபோல் இருக்கின்றன; ஒளியுணர் செல்களுக்கு ஊட்டம் தருவதும் அவை தினந்தோறும் உதிர்க்கும் கழிவை விழுங்கிச் செரிப்பதும் இந்த அடுக்கின் வேலை. மரபணுக் கோளாறால் குச்சி செல்கள் சாகத் தொடங்கினால், பின்னாலிருக்கும் நிறமிச் செல்கள் தம் இடத்தைவிட்டுக் கிளம்பி, மெலிந்துபோன விழித்திரைக்குள் நுழைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றிப் படிந்துவிடுகின்றன. குழாய்கள் கிளை பிரியும் இடங்களில் அவை சேர்வதால்தான் அந்தத் திட்டு வட்டமாக இல்லாமல், மூன்று நான்கு கால்கள் நீண்ட சிலந்திபோல், அல்லது வெள்ளைத் தாளில் சிந்திய மை கசிந்து பரவியதுபோல் தோன்றுகிறது. உருப்பெருக்கும் வில்லை ஒன்றைக் கையில் பிடித்துக் கண்ணுக்குள் பார்க்கும்போது இத்துடன் வேறு இரண்டையும் மருத்துவர் தேடுவார்: விழித்திரையின் தமனிகள் நூலாக மெலிந்திருக்கின்றனவா, பார்வை நரம்பின் முகப்பு ஆரோக்கியமான இளஞ்சிவப்பை இழந்து மெழுகுபோல் வெளிறியிருக்கிறதா என்று. திட்டு, மெலிந்த குழாய், வெளிறிய நரம்பு ஆகிய மூன்றும் இரு கண்களிலும் ஏறக்குறையச் சமமாக இருந்தால், அதை ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று அழைப்பது வழக்கம். 1850களில் டச்சுக் கண் மருத்துவர் டோண்டர்ஸ் வைத்த இந்தப் பெயர் விழித்திரையின் அழற்சி என்று பொருள்படும். இந்த நோயின் மூலத்தில் அழற்சி இல்லை. தவறான பெயர் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, இனி அதை யாரும் மாற்றப்போவதில்லை. ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய் இது. அபூர்வம்தான், ஆனால் நினைப்பதுபோல் அவ்வளவு அபூர்வம் இல்லை.

தம்பியிடம் "மாலைக்கண் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். பிறந்ததிலிருந்தோ மிக மெதுவாகவோ வரும் குறையை யாரும் குறையாக உணர்வதில்லை. இருட்டில் எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. திரையரங்கில் விளக்கணைந்த பிறகு இருக்கையைத் தேடும்போது மற்றவர்களைவிட அதிக நேரம் தடுமாறுகிறாரா? மின்சாரம் போனால் நண்பர்கள் எழுந்து நடக்கும்போது இவர் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறாரா? எதிரில் நிற்பவர் குலுக்குவதற்காக நீட்டிய கையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாரா? கடைசிக் கேள்வி முக்கியமானது. பார்வைப் புலத்தின் கீழ்ப்பகுதியில் குறை விழும்போது, முகம் தெளிவாகத் தெரியும், மார்பளவில் நீண்டிருக்கும் கை தெரியாது. அதனால் செருக்குக்காரர் என்று பெயரெடுத்துப் பின்னர் நோய் தெரியவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போட்டுப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிடுவதால் மட்டும் கண் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அந்த வரியைப் படிப்பது நடுவிழித்திரையான மாக்குலா, இந்த நோயில் அது கடைசியாகத்தான் பாதிக்கப்படுகிறது.

இனி, இதே கறுப்புத் திட்டுகளை விட்டுச்செல்லும் போலிகளைப் பற்றி. தாயின் கருப்பையில் இருந்தபோது ருபெல்லா தொற்றியிருந்தால் விழித்திரையில் உப்பும் மிளகும் தூவியதுபோல் நிறமி சிதறியிருக்கும். பார்க்க அச்சமூட்டும், பார்வையோ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிபிலிஸ் நோய் இதைப் போன்றே திட்டுகளை விடும், அது மருந்தால் குணமாகும் நோய் என்பதால் தவறவிடவே கூடாது. தயோரிடசின் போன்ற மனநல மருந்துகளும், மூட்டுவாதத்திற்கும் மலேரியாவுக்கும் தரப்படும் குளோரோகுயின் வகை மருந்துகளும் நிறமி அடுக்கைக் கெடுக்கும். பந்து பட்டோ, கீழே விழுந்தோ கண்ணில் அடிபட்டு, விழித்திரை ஒருகாலத்தில் பிரிந்து தானாகவே ஒட்டிக்கொண்ட கண்ணிலும் இத்தகைய படிவு இருக்கும். அதனால்தான் ஒரு கண்ணில் மட்டும் திட்டு இருந்தால், பரம்பரை நோய் என்ற எண்ணத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வேறு காரணத்தைத் தேடுகிறோம். தம்பிக்கு இரு கண்களிலும் இருப்பது சந்தேகத்தைக் கூட்டுகிறதே தவிர உறுதிப்படுத்தவில்லை.

உறுதிப்படுத்துவதற்கு மூன்று நான்கு சோதனைகள் உண்டு. பார்வைப் புலச் சோதனை எந்தப் பகுதி தெரியவில்லை என்பதைக் காட்டும். ஓசிடி ஸ்கேன் விழித்திரையின் குறுக்குவெட்டை அடுக்கடுக்காகக் காட்டும். ஒளியுணர் செல்களின் அடுக்கைக் குறிக்கும் பளிச்சிடும் கோடு எங்கே அறுந்துபோகிறது என்பதை அதில் விரல் வைத்துக் காட்டலாம். சுயஒளிர்வுப் படம் நிறமி அடுக்கில் கழிவு தேங்கியிருக்கும் இடத்தை வெளுப்பாகவும் செல் செத்த இடத்தைக் கறுப்பாகவும் காட்டும். இவற்றில் பழமையானதும் நோயாளிக்குச் சலிப்பூட்டுவதும் ஈஆர்ஜி. அரை மணி நேரமாவது இருட்டறையில் உட்காரவைத்து, கண்ணில் மெல்லிய மின்முனையை வைத்து, ஒளிவீச்சுக்கு விழித்திரை எழுப்பும் மின்னலையை அளக்கும் சோதனை அது. திட்டுகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே குச்சி செல்களின் அலை தணிந்துவிடும். திட்டே இல்லாமல் இந்த நோய் உள்ளவர்களும் இருக்கிறார்கள். திட்டு நிறைய இருந்தும் ஈஆர்ஜி நன்றாக இருந்தால், நாம் பார்த்துக்கொண்டிருப்பது எப்போதோ வந்து போனதன் வடு என்று ஓரளவு நம்பலாம்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்ற உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். பரம்பரை என்றதும் தாத்தாவுக்கு இருந்து தந்தைக்கு வந்து மகனுக்கு வருவது என்ற படம் நம் மனத்தில் விரிகிறது. அது ஓங்கு மரபின், அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிழையான மரபணு வந்தாலே நோய் வரும் மரபின், படம் மட்டுமே. அந்தப் படத்துக்குக் கச்சிதமான உதாரணம் பிரான்சின் தென்பகுதியில் உண்டு: 1637இல் பிறந்த ழான் நூகாரே என்பவரிடமிருந்து தொடங்கும் மாலைக்கண் குடும்பம் ஒன்றை 1838இலேயே மருத்துவர் ஒருவர் வம்சாவளி வரைந்து பதிவுசெய்தார்; பின்வந்தவர்கள் அதை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட வம்சாவளியாக வளர்த்தெடுத்தார்கள்; காரணமான மரபணுப் பிழை 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு தலைமுறையையும் தவறவிடாமல் இறங்கி வந்த குறை அது.

ஒடுங்கு மரபில் நடப்பது இதற்கு நேர்மாறு. பிழையான மரபணு ஒன்றும் நல்ல மரபணு ஒன்றும் உள்ளவருக்கு எந்தக் குறையும் இருக்காது, அவர் அதை அறியாமலேயே சுமந்து செல்வார். அப்படிச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரும். பத்துத் தலைமுறை மறைந்து கிடந்த பிழை பதினோராவது தலைமுறையில் வெளிப்படலாம். இரத்த உறவினர் மணந்துகொள்ளும்போது, பொது மூதாதையரிடமிருந்து வந்த ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதன் தீவிரமான வடிவத்தைப் பசிபிக் பெருங்கடலில் உள்ள பிங்கெலாப் என்ற சிறு தீவில் காணலாம். 1775ஐ ஒட்டி வீசிய சூறாவளியிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் தப்பிப் பிழைத்தவர்கள் இருபது பேர் அளவே. அவர்களில் ஒருவர் முழு நிறக்குருட்டுக்கான பிழையைச் சுமந்திருந்தார். சில தலைமுறைகளில், உலகின் மற்ற இடங்களில் முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் காணப்படும் அந்தக் குறை, அத்தீவில் பத்து இருபது பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குப் பெருகிவிட்டது. கூம்பு செல்கள் வேலைசெய்யாததால் நடுப்பகலில் கண்ணைத் திறக்க முடியாமல் கூசும் அவர்கள், நிலவொளியில் மற்றவர்களைப்போல் இயல்பாக நடமாடுகிறார்கள்.

மூன்றாவது வழி எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் அதிலுள்ள பிழை மறைய இடமில்லை. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று மற்றொன்றை ஈடுசெய்கிறது. ஆனால் முழுமையாக ஈடுசெய்வதில்லை. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று உறங்கப்போய்விடுகிறது. எந்தச் செல்லில் எது உறங்கும் என்பது தற்செயல். ஆகவே பிழையைச் சுமக்கும் தாயின் விழித்திரை, நல்ல செல்களும் பழுதான செல்களும் கலந்த கோலமாக அமைகிறது. மகனைப் பரிசோதித்து முடித்துவிட்டு, "எனக்கு எந்தக் குறையும் இல்லை" என்று சொல்லும் தாயை வற்புறுத்தி உட்காரவைத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும்போது, மாக்குலாவின் வெளிப்புறத்தில் தங்கத் துகளைப் பூசியதுபோன்ற ஒரு மினுமினுப்பைக் காண நேரும். ஒளி விழும் கோணத்தை மாற்றினால் அது நகரும். இது எக்ஸ் வழி வரும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவைச் சுமக்கும் பெண்களில் சிலரிடம் காணப்படும் அடையாளம். அந்த ஒரு பார்வையில், "குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்ற வரலாறு தலைகீழாகிவிடுகிறது. இதே எக்ஸ் வழியில் வரும் கோராய்டெரீமியா என்ற நோயில் சுமக்கும் தாயின் விழித்திரை ஓரம் பூச்சி அரித்த துணிபோல் பொடிப்பொடியாக நிறம் மாறியிருக்கும். முன்பு சொன்னேனே, துணைக்கு வந்தவரின் கண் என்று, இதைத்தான் சொன்னேன்.

நான்காவதாக, ஓங்கு மரபே என்றாலும் தலைமுறையைத் தாண்டிக் குதிக்கும் மரபணுக்கள் இருக்கின்றன. பிஆர்பிஎஃப்31 என்பது அவற்றில் பேர்பெற்றது. பிழையான பிரதி இருந்தும், நல்ல பிரதி வழக்கத்தைவிட அதிகமாக உழைப்பதால் சிலருக்கு வாழ்நாள் முழுதும் நோய் வெளிப்படுவதில்லை. அவர்களுடைய பிள்ளைக்கு வெளிப்படுகிறது. ஐந்தாவதாக, பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய பிழை குழந்தையிடம் முதன்முதலாகத் தோன்றுவதும் நடக்கும். ஆறாவது காரணம் எல்லாவற்றிலும் சாதாரணமானது: தாத்தாவுக்கு இருந்திருக்கும், "வயதாகிவிட்டது, கண் மங்குகிறது" என்று விட்டிருப்பார்கள்.

விழித்திரையில் தோன்றும் அடையாளங்கள் எல்லாம் கறுப்புத் திட்டுகளாகவே இருப்பதில்லை, எல்லாம் கேடானவையும் அல்ல. பார்வை நரம்பைச் சுற்றி வெள்ளை இறகு ஒட்டியதுபோல் தெரியும் மயலின் நார்களும், கரடியின் காலடித்தடம்போல் கொத்தாகக் காணும் பிறவி நிறமிப் புள்ளிகளும் பெரும்பாலும் தீங்கற்றவை. அவற்றைப் பார்த்துவிட்டு "ஏதோ இருக்கிறது" என்று நோயாளியைப் பயமுறுத்தி அனுப்புவதைப்போல் வேண்டாத வேலை வேறில்லை. ஆனால் அதே நிறமிப் புள்ளிகள் இரு கண்களிலும் நான்கைத் தாண்டி, ஒழுங்கற்ற நீள்வட்டமாக, மீன்வால்போல் வெளிறிய ஒரு முனையுடன் இருந்தால் கதை வேறு. பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப் கட்டிகள் முளைக்கும் பரம்பரை நோய்க்கு அது வெளி அடையாளம். கவனிக்காமல் விட்டால் நடுவயதுக்குள் ஏறக்குறைய உறுதியாகக் குடல் புற்றில் முடியும் அந்த நோயை, வயிற்றில் எந்த உபாதையும் தெரியாத பருவத்தில், கண்ணாடி போட வந்த இடத்தில் கண்டுபிடிக்க முடியும். கண்ணுக்கு அந்தப் புள்ளிகளால் எந்தக் கெடுதலும் இல்லை என்பதுதான் இதில் விந்தை.

குழந்தையின் மாக்குலாவில் தெரியும் செர்ரிச் சிவப்புப் புள்ளியும் இப்படித்தான் உடலின் வேறிடத்துச் செய்தி. 1881இல் ஆங்கிலேயக் கண் மருத்துவர் வாரன் டே அதை விவரித்தார். டே-சாக்ஸ் நோயில் நரம்புச் செல்களுக்குள் கொழுப்புப்பொருள் தேங்கி மாக்குலாப் பகுதி பால்வெள்ளையாகிறது. மாக்குலாவின் நடுக்குழியில் மட்டும் அந்த வகை நரம்புச் செல்கள் இயல்பிலேயே இல்லை என்பதால், பின்னாலிருக்கும் சிவப்பு அப்படியே தெரிகிறது. சிவப்புப் புள்ளி என்று நாம் அழைப்பதே ஆரோக்கியமான பகுதி, சுற்றியுள்ள வெள்ளைதான் நோய். பார்வை நரம்பிலிருந்து நாற்புறமும் நிலம் வெடித்ததுபோல் செந்நிறக் கீற்றுகள் ஓடினால், நோயாளியின் கழுத்துத் தோலைப் பார்க்க வேண்டும்; அங்கே மஞ்சள் நிறச் சிறு மேடுகள் இருந்தால் மீள்திசுவில் சுண்ணாம்பு படியும் பரம்பரை நோய் ஒன்று பெரும்பாலும் உறுதி. அவர்களுக்குக் கண்ணில் படும் சிறிய அடிகூட உள்ளே கிழிசலையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும் என்பதால், பந்து முகத்தில் படக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்க்கச் சொல்கிறோம். பெஸ்ட் நோயில் மாக்குலாவில் முட்டையின் மஞ்சள் கரு அப்படியே உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட கண்ணால் எப்படிப் பார்க்கிறார் என்று மருத்துவர் வியக்கும்போது, நோயாளி பலகையின் கடைசி வரிவரை படித்துக்கொண்டிருப்பார். ஸ்டார்கார்ட் நோயில் இதற்கு மாறாக, ஆரம்பத்தில் விழித்திரை பழுதற்றதாகத் தோன்ற, பள்ளிச் சிறுவன் கரும்பலகை தெரியவில்லை என்று சொல்வான், நடிக்கிறான் என்று அவனைத் திட்டியிருப்பார்கள். மஞ்சள் கீற்றுகள் பின்னர்தான் வரும்.

இவற்றில் எனக்கு எப்போதும் தனி ஈர்ப்பு ஒகுச்சி நோயின்மீது. ஜப்பானிய மருத்துவர் ஒகுச்சி 1907இல் விவரித்த பிறவி மாலைக்கண் வகை அது. வெளிச்சத்தில் பார்த்தால் விழித்திரை முழுதும் பித்தளைத் தகடுபோல் மஞ்சளாக மின்னும், அதன்மேல் இரத்தக் குழாய்கள் வரைந்து ஒட்டியதுபோல் துருத்தித் தெரியும். நோயாளியின் கண்ணைக் கட்டி மூன்று மணி நேரம் இருட்டில் வைத்துவிட்டுத் திறந்து பார்த்தால் அந்த மினுமினுப்பு இருக்காது. வேறு யாருடைய விழித்திரையோ என்று ஐயுறும் அளவுக்கு இயல்பான செம்மை வந்திருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளி பட்ட இடங்களில் பித்தளை நிறம் மெல்லத் திரும்பும். இந்த மாற்றத்தை 1913இல் மிசுவோ பதிவுசெய்தார். குச்சி செல்லில் ஒளிபட்டு விழித்தெழுந்த ரோடாப்சின் புரதத்தை மறுபடி அடங்கச்செய்யும் இரண்டு புரதங்களில் ஒன்று இல்லாததே காரணம். அணைக்க முடியாத விளக்குபோல் அது நெடுநேரம் எரிந்துகொண்டே இருக்கிறது. இதில் நோயாளிக்கு ஆறுதலான செய்தி, பெரும்பாலும் இது கூடுவதில்லை. மாலைக்கண்ணோடு வாழ்நாளைக் கழித்துவிடலாம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று தவறாகப் பெயரிடப்பட்டால், பார்வை முற்றிலும் போய்விடும் என்ற அச்சத்தோடு அதே வாழ்நாளைக் கழிப்பார்.

மரபணுச் சோதனை அவசியமா என்று கேட்டீர்கள். ஈஆர்ஜியும் மற்றவையும் பரம்பரை நோயை நோக்கிக் கைகாட்டினால், அவசியம் என்பதே என் கருத்து. அதற்கு முன்பாக உடல் முழுவதையும் பற்றிய சில கேள்விகள் உண்டு. தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே காது மந்தமா? அப்படியானால் காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்படும் அஷர் நோயை நினைக்க வேண்டும். உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு, பிறந்தபோது ஆறாவது விரல் இவை உண்டா? ஆறாவது விரலைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே அகற்றியிருப்பார்கள், அவருக்கே அது நினைவிருக்காது. சுண்டுவிரலின் வெளி ஓரத்தில் தழும்பு இருக்கிறதா என்று நான் தடவிப் பார்ப்பது வழக்கம். இமை இறங்கி, கண் அசைவு குறைந்திருந்தால் இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்க்க ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். கேர்ன்ஸ்-சேயர் நோயில் இதயத் துடிப்பு தடைபட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். இன்னும் சில, உணவு மாற்றத்தால் கட்டுப்படுபவை. ரெஃப்சம் நோயில் ஃபைட்டானிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் இரத்தத்தில் தேங்குகிறது, முகரும் திறன் குறைகிறது. பால் கொழுப்பும் ஆடுமாட்டு இறைச்சியும் குறைத்தால் அந்த அமிலத்தின் அளவு தணிகிறது. கொழுப்பை உறிஞ்ச முடியாத ஒரு பிறவிக் கோளாறில் ஏ, ஈ வைட்டமின்களைத் தொடக்கத்திலேயே அதிக அளவில் கொடுத்தால் விழித்திரையைப் பெருமளவு காக்கலாம். இவை அனைத்தும் மிக அபூர்வமானவை. ஆனால் தவறவிட்டால் திரும்பப் பெற முடியாதவை என்பதால் ஒவ்வொரு நோயாளியிடமும் ஒருமுறை தேடிவிடுவது நல்லது.

மரபணுச் சோதனைக்குத் தேவைப்படுவது சிறிது இரத்தமோ உமிழ்நீரோ மட்டுமே. விழித்திரை நோய்களோடு தொடர்புடையவை என அறியப்பட்டுள்ள 250க்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒரே முறையில் படித்துவிடுகிறார்கள். 1990இல் ரோடாப்சின் மரபணுவில் முதல் பிழை கண்டுபிடிக்கப்பட்டபோது, இத்தனை மரபணுக்கள் இதே திட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் என்று பலர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். முடிவு வரும்போது மூன்றில் ஒன்று நடக்கும். தெளிவான காரணம் கிடைக்கலாம். எதுவும் கிடைக்காமல் போகலாம். அல்லது "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று ஓர் அறிக்கை வரலாம். மூன்றாவது வகைதான் வீட்டில் குழப்பத்தை விளைவிக்கும். அது நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், நம் எல்லோரிடமும் இருக்கும் தீங்கற்ற வேறுபாடுகளில் ஒன்றாகவும் இருக்கலாம். அதைத் தீர்க்க உதவுவது மறுபடியும் குடும்பம்தான்: பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரின் மரபணுவையும் கண்ணையும் ஒப்பிட்டு, அந்த மாற்றமும் நோயும் சேர்ந்தே நடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இன்று எதுவும் கிடைக்கவில்லை என்று வந்த அறிக்கையைச் சில ஆண்டுகள் கழித்து அதே தரவைக் கொண்டு மறுபடி ஆராயச் சொல்லலாம். முடிவை மரபியல் ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து பேசாமல், வெறும் தாளாகக் கையில் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

குழந்தைகளுக்கு வருமா என்பதற்கான விடை, எந்த மரபு என்பதைப் பொறுத்தது. ஓங்கு மரபென்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி. ஒடுங்கு மரபென்றால் குழந்தைகள் எல்லாரும் சுமப்பவர்களாக இருப்பார்கள், ஆனால் மனைவியும் அதே மரபணுவில் பிழையைச் சுமந்தாலன்றி நோய் வராது. மனைவி இரத்த உறவினர் அல்லர் என்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. எக்ஸ் வழி என்றால் தம்பியின் மகன்களில் யாருக்கும் வராது, மகள்கள் அனைவரும் சுமப்பார்கள். இந்த மூன்றாவது நிலையில் கவலைப்பட வேண்டியது தம்பியின் பிள்ளைகளைப் பற்றி மட்டும் அன்று. அவருடைய சகோதரிகளும் தாயின் சகோதரிகளும் சுமப்பவர்களாக இருக்கக்கூடும், அவர்களுக்குப் பிறக்கும் ஆண்குழந்தைகளுக்கு அது பொருந்தும். குடும்பத்தில் இந்தப் பேச்சு எழும்போது "அம்மாவிடமிருந்து வந்தது" என்ற சொல் பழியாக மாறிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நம் ஒவ்வொருவரிடமும் ஒடுங்கிக் கிடக்கும் பிழைகள் சில உண்டு, எவரும் அவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பிறப்பதில்லை என்பதை முதலிலேயே எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது.

சிகிச்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேடத் தொடங்கியிருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். ஆர்பிஇ65 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்கு, நல்ல பிரதியைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்தும் சிகிச்சை 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மங்கிய ஒளியில் தடைகள் நிறைந்த பாதையில் நடக்கும் திறனில் அது உண்மையான முன்னேற்றத்தைத் தந்தது. ஆனால் அந்த ஒரு மரபணுவுக்கு மட்டுமே அது பயன்படும், அதுவும் உயிரோடு செல்கள் மிச்சமிருந்தால்தான். மற்ற மரபணுக்களுக்கான முயற்சிகளில் சேர வேண்டுமானாலும், எந்த மரபணு என்ற விடை கையில் இருந்தாக வேண்டும். மறுபுறம், "ஸ்டெம் செல்" ஊசி என்று விளம்பரம் செய்து பணம் வாங்கும் இடங்களை அறவே தவிர்க்கச் சொல்லுங்கள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை ஒரே நாளில் இரு கண்களிலும் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் கடுமையாகப் பார்வையிழந்த நிகழ்வு 2017இல் மருத்துவ இதழில் வெளியானது. வைட்டமின் ஏ மாத்திரையையும் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். ஸ்டார்கார்ட் நோயில் தேங்கும் கழிவு வைட்டமின் ஏயிலிருந்தே உருவாகிறது, அங்கே அது எரியும் தீயில் எண்ணெய்.

செய்யக்கூடியவையும் கணிசமாக உண்டு. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே வில்லையின் பின்புறத்தில் புரை விழுவது சகஜம், அதை அறுவை சிகிச்சையால் நீக்கலாம். மாக்குலாவில் நீர் கோத்து நடுப்பார்வை மங்கினால் சொட்டு மருந்தோ மாத்திரையோ பெரும்பாலும் உதவும். நோயே முற்றுகிறது என்று நினைத்து இவை இரண்டையும் கவனிக்காமல் விட்டுவிடுபவர்கள் ஏராளம். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். இரவில் வண்டி ஓட்டுவதை, சோதனைகள் முடியும்வரை தம்பி நிறுத்திவைக்கட்டும். முதல் நாள் எடுத்த விழித்திரைப் படங்கள், ஓசிடி, பார்வைப் புல வரைபடம், ஈஆர்ஜி அலைகள் எல்லாவற்றுக்கும் பிரதி வாங்கித் தேதியோடு ஒரே கோப்பில் வையுங்கள். இது நகர்கிறதா, நின்றிருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து விடை சொல்லப்போவது அந்தக் கோப்புதான், யாருடைய நினைவாற்றலும் அன்று.

அடுத்த முறை போகும்போது தாயையும் அழைத்துச் செல்லுங்கள். தனக்கு எதுவும் இல்லை என்று அவர் கட்டாயம் சொல்வார். பரவாயில்லை, அவருடைய கண்ணையும் விரித்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் இருவருக்குமே கண் கூசும், எழுத்து மங்கும். அதனால் திரும்பி வரும்போது வண்டி ஓட்ட நீங்களும் கூடப் போக வேண்டியிருக்கும். போனதுதான் போகிறீர்கள், ஒரே தாய்க்குப் பிறந்தவர் என்பதால் உங்கள் கண்ணையும் வேறொரு நாளில் காட்டிவிடுங்கள்.